குதிரைத் துணையோடு மனநல சிகிச்சை: லாயத்தில் தொடங்கி கடைசி அமர்வு வரை

குதிரையை வைத்து மனநல சிகிச்சை தர வேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு குதிரையை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். வரிசை அங்கேயே தப்பிவிடுகிறது. முதலில் ஆட்கள், அடுத்து இடம், அதற்கப்புறம்தான் குதிரை. சிகிச்சைக்கு வருகிறவரை லாயத்துக்குக் கூப்பிடுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

இங்கே நான் சொல்வது சவாரி இல்லாத முறை. பெருமூளை வாதம் உள்ள குழந்தையைக் குதிரைமேல் உட்காரவைத்துப் பிசியோதெரபிஸ்ட் செய்யும் வேலை முற்றிலும் வேறு. பதற்றம், அடக்க முடியாத கோபம், யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போவது, வீட்டில் ஒருவரை இழந்த துக்கம் போன்றவற்றுக்கு எல்லோரும் தரையில் நின்றபடிதான் வேலை செய்கிறோம். 1999-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஈகாலா அமைப்பின் முறையும் இதுவே: ஒரு மனநல நிபுணர், ஒரு குதிரை நிபுணர், கூடக் குதிரை. யாரும் ஏறுவதில்லை. நான் இதில் குதிரைப் பக்கம் நிற்கிறவன், அதனால் கீழே குதிரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

1. இரண்டு ஆட்கள், இரண்டு வேலை

மனநல நிபுணர் என்றால் மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். வாரக்கடைசியில் ஒரு கவுன்சலிங் சான்றிதழ் படித்தவர் போதாது. லாயத்தில் திடீரென்று ஒரு பிள்ளை வீட்டில் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிடலாம். அதைக் கேட்டு என்ன செய்வது என்று தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும். பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குதிரை நிபுணர் என்றால் நன்றாகச் சவாரி செய்கிறவர் என்று பொருளில்லை. கயிறு கட்டாமல் திரிகிற குதிரை அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர். பல வருடம் லாயத்தில் கிடந்த குதிரைக்காரர் ஒருவர், சான்றிதழ் உள்ள சவாரிப் பயிற்சியாளரைவிட இதற்குப் பொருத்தமாக அமைவதுண்டு.

இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், குதிரையின் பின்னங்காலைப் பார்க்காது. விபத்து அந்த நேரத்தில்தான் நடக்கும்.

2. இடமும் சாமான்களும்

சுமார் 18 மீட்டர் குறுக்களவில் வட்டமான வேலி, உள்ளே மணல் அல்லது மிருதுவான மண், ஒரு பக்கம் நிழல். முள்கம்பி வேண்டவே வேண்டாம். மூலை இருந்தால் குதிரையோ ஆளோ அதில் மாட்டிக்கொள்வார்கள், அதனால்தான் வட்டம். ஆள் சட்டென்று வெளியேற ஒரு தனி வழி, தண்ணீர்த் தொட்டி, வெளியே உட்கார ஒரு பெஞ்சு. இது முடிந்தால் இடம் தயார்.

சாமான்: மெத்தென்ற ஹால்டர் (குதிரையின் தலையில் மாட்டும் பட்டை), மூன்று மீட்டர் பருத்திக் கயிறு, ரப்பர் தேய்ப்பான், மென்மயிர் பிரஷ், பல அளவுகளில் ஹெல்மெட், முதலுதவிப் பெட்டி. சவாரி இல்லையே, ஹெல்மெட் எதற்கு என்று கேட்பார்கள். குதிரை தலையைத் திருப்பும்போது ஒரு குழந்தையின் நெற்றியில் இடித்தாலே போதும், அடி பலமாகப் படும்.

3. குதிரையைத் தேர்ந்தெடுப்பது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. "ரொம்ப சாதுங்க, என்ன செஞ்சாலும் அசையாது" என்று சொல்லித்தான் விற்பார்கள். அசையாத குதிரையை நம்பாதீர்கள். வருடக்கணக்காகச் சவாரிக்கு ஓடி, மறுத்தால் அடிதான் என்று பழகிப்போன குதிரை எதற்கும் அசையாமல் நிற்கும். கண் மங்கி, காது பக்கவாட்டில் தொங்கி, தொட்டாலும் திரும்பிப் பார்க்காது. அது அமைதி இல்லை, விட்டுக்கொடுத்துவிட்ட நிலை. அப்படிப்பட்ட குதிரை, வருகிறவருக்கு எந்தப் பதிலும் தராது. வலி தாங்க முடியாமல் போகிற அன்றைக்கு, முன்னறிவிப்பே இல்லாமல் உதைக்கும்.

நமக்கு வேண்டியது பதில் சொல்கிற குதிரை. ஆள் வந்தால் காதைத் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இரண்டடி நகர வேண்டும், பயந்தாலும் சீக்கிரம் தணிய வேண்டும். எட்டு வயது தாண்டிய, காயடித்த ஆண் குதிரை அல்லது பெட்டைக் குதிரை நல்லது. காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். பெட்டைக்குச் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும். சில பெட்டைகள் அந்த நாட்களில் எரிச்சலாக இருக்கும், குறித்துவைத்து ஓய்வு கொடுங்கள்.

பார்க்கப் போகும்போது இந்த வரிசையில் பாருங்கள்:

முதலில், கயிறில்லாமல் அவிழ்த்து விடச் சொல்லித் தூரத்தில் நின்று பாருங்கள். கட்டிப்போட்ட குதிரையிடமிருந்து அதன் சுபாவம் தெரியாது.

அடுத்து ஒரு குடையைத் தூரத்தில் விரியுங்கள். திடுக்கிடுவது தப்பில்லை. பிறகு எவ்வளவு நேரத்தில் தலையைத் தாழ்த்துகிறது என்பதுதான் கணக்கு.

பிறகு முதுகு, வாயோரம், குளம்பு. சேணம் உராய்ந்த தழும்பு, கடிவாளம் கிழித்த புண், முதுகைத் தொட்டதும் அமிழ்த்திக்கொள்வது எல்லாம் வலிக்கு அடையாளம். வலியுள்ள குதிரையைக் கோபமுள்ள பிள்ளையோடு விடுவது இருவருக்கும் செய்கிற அநியாயம்.

கடைசியாகக் கால்நடை மருத்துவர். கிளாண்டர்ஸ் நோய் குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றும். இந்தியாவில் அது கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வராமல் குதிரையை லாயத்துக்குள் ஏற்றாதீர்கள். டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். வேலை செய்கிற ஆட்களும் டெட்டனஸ் ஊசியை விடக் கூடாது, ஏனென்றால் அந்தக் கிருமி குதிரை லத்தி கலந்த மண்ணில் தாராளமாக இருக்கும்.

மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் நம் ஊரில் நிறைய வருகின்றன. அவற்றின் காது நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். புத்தகப் படத்தைப் பார்த்து, காதை வைத்துக் குதிரையின் மனநிலையைப் படிக்கக் கற்றவர்கள் இங்கே குழம்புகிறார்கள். நுனியை விட்டுவிட்டு, காதின் அடிப்பக்கம் எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று பாருங்கள்.

வாங்கிய பிறகு சில வாரங்கள் எந்த அமர்வும் வேண்டாம். குதிரை தனியாக இருக்கப் பிறந்த பிராணி இல்லை, பக்கத்தில் இன்னொரு குதிரை இருக்க வேண்டும். துணை பிரிந்த குதிரை வேலியோரம் நடந்து கனைத்துக்கொண்டே இருக்கும். சிகிச்சைக்கு வந்தவர் பார்ப்பது அந்தத் தவிப்பைத்தான்.

4. யாரைச் சேர்ப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது

முதல் சந்திப்பு லாயத்தில் நடக்கக் கூடாது. சிகிச்சையாளரின், அதாவது மனநல நிபுணரின் அறையில், குதிரை கண்ணில் படாத இடத்தில் நடக்க வேண்டும். குதிரையைப் பார்த்துவிட்ட பிள்ளையிடம் அப்புறம் "இப்போதைக்கு இல்லை" என்று சொல்வது கொடுமை.

தீவிர மனப்பிறழ்வு நிலையில் இருப்பவர், போதையில் வருகிறவர், தற்கொலை எண்ணம் இப்போது தீவிரமாக உள்ளவர், கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர், குதிரை முடியோ வைக்கோல் தூசியோ மூச்சுத்திணறலைக் கிளப்பும் ஆஸ்துமா உள்ளவர் ஆகியோரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். பிராணிகளைத் துன்புறுத்திய பழக்கம் இருந்தால் சிகிச்சையாளர் தனியாக ஆராய்ந்த பிறகே முடிவு. தற்கொலை எண்ணம் இருப்பவரைச் சும்மா திருப்பி அனுப்பிவிடக் கூடாது. சிகிச்சையாளர் அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

குதிரையைக் கண்டால் பயம் என்பது தடையில்லை. பயப்படுகிறவர்களோடு வேலை நன்றாகவே நடக்கும், ஏனென்றால் பயம் இருக்கும் இடத்தில் அவசரம் இருக்காது.

பெற்றோரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கொடுங்கள். ஒன்று, சவாரி கிடையாது. இரண்டு, இது மாத்திரைக்கு மாற்று இல்லை, எந்த மருந்தையும் மனநல மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மூன்று, அமர்வின்போது அப்பா அம்மா வேலியோரம் நின்று "தொடுடா, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லக் கூடாது. மூன்றாவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். இந்தத் துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய குழுக்களை வைத்து நடந்தவை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய வாக்குறுதி கொடுத்தால் அதைச் சுமப்பது அந்தப் பிள்ளைதான்.

5. அமர்வு நாள் காலை

நம் ஊர் வெயிலுக்குக் காலை 9 மணிக்குள், அல்லது மாலை 4.30-க்குப் பிறகு. தீனி நேரத்தில் அமர்வு வைக்காதீர்கள். பசித்த குதிரை வாளிச் சத்தத்துக்குத்தான் காது கொடுக்கும். ஒரு மணி நேரம் முன்பே புல் தின்று முடித்திருக்க வேண்டும்.

குதிரை நிபுணர் அரைமணி முன்னதாக வந்து லத்தி போட்டிருக்கிறதா, தண்ணீர் குடித்ததா, நாலு காலிலும் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மண்ணைக் கிளறுவது, படுத்து எழுவது எல்லாம் வயிற்றுவலியின் அறிகுறி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அதன் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்து. உடனே அமர்வை ரத்து செய்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அதைத் தாண்டி நிலைத்து நின்றால் அன்றைக்கு வேலை இல்லை.

வருகிறவர் மூடிய ஷூ போட வேண்டும். துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும். தலையில் பூ வேண்டாம், குதிரை மல்லிகைச் சரத்தை இழுத்துத் தின்னும். தீபாவளியை ஒட்டி வெடிச் சத்தம் கேட்கும் நாட்களில் அமர்வே வைக்காதீர்கள்.

6. முதல் அமர்வு: வேலிக்கு வெளியே

குதிரை உள்ளே கயிறில்லாமல் நிற்கும். வந்தவரும் நாமும் வெளியே. குறைந்தது பத்து நிமிடம் சும்மா பார்க்கிறோம். சிகிச்சையாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன பார்க்கிறீங்க?"

இதைத் தாவிக் குதித்து நேராக உள்ளே கூட்டிப்போகிறவர்கள் நிறைய. பத்து நிமிடம் வீண் என்று நினைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வருகிறவர் சொல்வதைக் கேளுங்கள். ஒருவர் "தனியா நிக்குது, யாரும் வேண்டாம்போல" என்பார். அதே குதிரையைப் பார்த்து இன்னொருவர் "காவல் காக்குது" என்பார். குதிரை செய்தது நிழலில் நின்றது மட்டும். மீதி எல்லாம் சொன்னவருடையது. சிகிச்சையாளருக்கு அன்றைக்கு வேண்டிய நூல் அங்கே கிடைத்துவிடும்.

உள்ளே போகும் முன் பாதுகாப்பு விதிகள். நீண்ட பிரசங்கம் வேண்டாம், நாலு வாக்கியம் போதும். பின்பக்கம் போகாதே. ஓடாதே. மண்டிபோட்டு உட்காராதே. நான் "நில்" என்றால் நில்.

காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர்பின்னாலும் நெற்றிக்கு நேர்முன்னாலும் ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் ஏதோ அசைந்தால் உதைக்கும் அல்லது ஓடும். வேட்டையாடப்பட்டே பழகிய பிராணி அது. காரணம் தெரிந்த குழந்தை விதியை மறப்பதில்லை.

7. வேலிக்கு உள்ளே: நெருங்குவதும் தொடுவதும்

முகத்துக்கு நேராகப் போகாமல் முன்னந்தோளை நோக்கிச் சாய்வாகப் போகச் சொல்லுங்கள். ஒரு கை தூரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். அங்கிருந்து குதிரை முடிவு செய்யட்டும்.

முழு வழிகாட்டியிலும் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இது. குதிரைக்கு விலகிப்போக வழி இருக்க வேண்டும். ஹால்டரைப் பிடித்து நிறுத்திவைத்து ஒரு குழந்தையைத் தடவவைத்தால் நல்ல புகைப்படம் கிடைக்கும், சிகிச்சை கிடைக்காது. தான் போனால் விலகக்கூடிய ஒரு உயிர் விலகாமல் நின்றது என்பதில்தான் அதன் மதிப்பு. விலகிப்போனாலும் வேலை நடக்கும், "இப்போ என்ன செய்யலாம்?" என்ற கேள்வி அங்கே பிறக்கிறது.

பள்ளியில் அடிதடி என்று அனுப்பப்பட்ட ஒரு பையனை நினைத்துக்கொள்கிறேன். விறுவிறுவென்று போவான், குதிரை நகரும். பின்னாலேயே போவான், குதிரை இன்னும் நகரும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். சிகிச்சையாளர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்த் தோளைத் தொங்கப்போட்டு, பெருமூச்சு விட்டு, வேறு பக்கம் திரும்பி நின்றான். குதிரை தலையைத் தாழ்த்தி, வாயைச் சப்பி, அவன் பக்கம் இரண்டு அடி வந்தது. அவன் திரும்பி எங்களைப் பார்த்து, "நான் என்ன பண்ணேன்?" என்றான். அந்தக் கேள்வியை வைத்துத்தான் அடுத்த சில வாரங்கள் நகர்ந்தன.

இதில் மாயம் எதுவும் இல்லை. இறுகிய உடம்பையும் நேராக முறைத்து வருவதையும் குதிரை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைப் பார்த்த குதிரைகளின் இதயத்துடிப்பு சீக்கிரம் ஏறியது தெரிந்தது. படத்துக்கே அப்படி என்றால் எதிரே நிற்கும் ஆளுக்குக் கேட்க வேண்டாம்.

தொடும் இடம்: கழுத்தும் முதுகும் சேரும் மேடு. குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொடுக்கும் இடம் அதுதான். தட்டிக் கொடுக்க வேண்டாம், விரல் நுனியால் சொறியச் சொல்லுங்கள். சொறிவதுதான் குதிரைக்கு நட்பு. முகத்தைத் தடவுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கையில் வைத்து வெல்லமோ கேரட்டோ ஊட்டுவதை அறவே விடுங்கள். அதற்குப் பழகிய குதிரை ஒவ்வொரு கையையும் பாக்கெட்டையும் முகரும், கிடைக்காவிட்டால் கடிக்கும்.

பிரஷ் போடுவது இரண்டாம், மூன்றாம் அமர்வுக்கு. முதலில் வட்டமாக ரப்பர் தேய்ப்பான், பிறகு முடி போகும் திசையில் மென்மயிர் பிரஷ். வயிற்றடியும் விலாவின் பின்பகுதியும் கூச்சமுள்ள இடங்கள், அங்கே வேண்டாம். பேச வராதவர்களுக்கு இந்த நேரம் பெரிய உதவி. கை ஒரு வேலையில் இருக்கும்போது, எதிரே யாரும் கண்ணுக்குக் கண் பார்க்காதபோது, வார்த்தை தானாக வரும்.

8. கயிறு பிடித்து நடப்பது

முந்தைய படிகளில் குதிரையும் ஆளும் தளர்வாக இருந்தால் மட்டும் இது. கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றக் கூடாது. குதிரையின் எடை பல நூறு கிலோ இருக்கும், அது திமிறினால் சுற்றிய கயிறு விரலைத் துண்டிக்கும். மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், "விடு" என்றதும் விட்டுவிடவும் சொல்லிக்கொடுங்கள்.

இழுத்தால் குதிரை எதிர்த்து நிற்கும். முன்னால் பார்த்து, தான் போகிற இடத்தைத் தீர்மானித்து நடந்தால் கூட வரும். "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாதவர்கள், எதையும் தீர்மானிக்கப் பயப்படுகிறவர்கள் இந்தப் படியில்தான் அதிகம் மாறுகிறார்கள். குதிரை முட்டிக்கொண்டு தங்கள் இடத்துக்குள் வரும்போது, கையை உயர்த்தி அதை ஓர் அடி பின்னால் நிறுத்துவது அவர்களுக்குப் பெரிய காரியம். அதற்கு நேரம் கொடுங்கள்.

9. எதைச் சொல்லக் கூடாது

"குதிரைக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்று சொல்லவே கூடாது. அடுத்த வாரம் ஈ கடித்து அது நகர்ந்தால், "இப்போ பிடிக்கலையா?" என்று அந்தக் குழந்தை நினைக்கும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "நீ நின்னே, அது தலையைத் தாழ்த்துச்சு." அர்த்தம் சொல்வது வந்தவரின் உரிமை.

குதிரை நிபுணர்கள் செய்யும் தப்பு, குதிரையைப் பற்றி வகுப்பெடுப்பது. சிகிச்சையாளர்கள் செய்யும் தப்பு, மௌனத்தைத் தாங்காமல் கேள்வி மேல் கேள்வி கேட்பது.

10. எப்போது நிறுத்துவது

காது பின்னால் ஒட்டிப் படிந்தது, வாலை வேகமாக வீசுகிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறது, பின்பக்கத்தை ஆள் பக்கம் திருப்புகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் குதிரை நிபுணர் உடனே "நில்" சொல்ல வேண்டும், சிகிச்சையாளர் எவ்வளவு முக்கியமான பேச்சில் இருந்தாலும் சரி. இந்த அதிகாரத்தை ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்குள் நின்று வாதாட முடியாது.

ஒரு பின்னங்காலை மடித்து நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். மற்றபடி தளர்வாக இருந்தால் அது வெறும் ஓய்வு.

11. முடித்தபின்

ஓர் அமர்வு 45 நிமிடம் முதல் ஒரு மணி வரை. கடைசிப் பத்து நிமிடம் வெளியே பெஞ்சில். குதிரை பக்கத்திலிருந்து நேராக காருக்கு அனுப்பினால், கிளறிய உணர்ச்சியோடு பிள்ளை வீட்டுக்குப் போகும்.

குறிப்பை இருவரும் தனித்தனியாக எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். குதிரை எப்போது நகர்ந்தது என்ற குறிப்பும், பிள்ளை எதைப் பேசிக்கொண்டிருந்தது என்ற குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் பயன் தெரியும்.

ஒரு குதிரைக்கு நாளைக்கு இரண்டு அமர்வு போதும், வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு. அமர்வு முடிந்ததும் லாயத்தில் அடைக்காமல் துணைக் குதிரையோடு அவிழ்த்து விடுங்கள். கூப்பிட்டால் வராமல் விலகத் தொடங்கினால், ஹால்டரைக் கண்டதும் தலையைத் திருப்பினால், அதற்கு நீண்ட விடுப்பு தேவை.

பத்துப் பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பிறகு தொடரை முடிக்கும்போது, மூன்று வாரம் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள். முன்பு யாரையோ சொல்லாமல் இழந்தவர்களாக இருக்கலாம். கடைசி நாளில் என்ன செய்வது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். சிலர் பிரஷ் போடுவார்கள், சிலர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இடையில் குதிரைக்கு நோய் வந்தாலோ இறந்தாலோ "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று பொய் சொல்லாதீர்கள். உண்மையை சிகிச்சையாளர் மூலம், அமர்வு நேரத்தில், நேரில் சொல்லுங்கள். வேறு குதிரையை அன்றே கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.